சிவப்புக் கோட்டுக்குள் ஓர் ஊர்

இரயுமன்துறை தொடங்கி நீரோடி வரை, எட்டு ஊரிலிருந்தும் தங்கல் தொழிலுக்குப் போகிற தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

தடைக்காலம். போட்டெல்லாம் கொச்சியிலும் தேங்காப்பட்டணத்திலும் கட்டிக் கிடக்கும். இந்த இரண்டு மாதத்தை விட்டால் உங்களை வீட்டுத் திண்ணையில் பிடிக்க முடியாது. ஆகஸ்ட் பிறந்ததும் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று போய்விடுவீர்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு போட்டின் வீல்ஹவுசில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ராங்கு என்னைவிட இருபது வயது இளையவர். எனக்குக் காட்டுவதற்காகக் கடல்படத் திரையான பிளாட்டரை ஓடவிட்டு, விரலால் கடலைத் தள்ளிக்கொண்டே தெற்கே போனார். மினிக்காய் வந்தது. எட்டு டிகிரி வந்தது. மாலத்தீவுச் சங்கிலி முழுக்க நழுவி மேலே போயிற்று. நிலநடுக்கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புக் கோடு, பெரிய வளையமாக. அதைச் சுற்றிலும் மீன்பாடு கண்ட இடங்களை அவரே குறித்து வைத்திருந்த புள்ளிகள், எறும்பு மொய்த்தது போல. உள்ளே ஒன்றுகூட இல்லை.

"இதுக்குள்ள போனா புடிச்சிருவான்" என்றார்.

"யாரு?"

"வெள்ளக்காரன். டீகோ கார்சியா இது."

"அது யாரு ஊரு?"

"ஊரா? ஆளில்லாத தீவு. பட்டாளம் மட்டும் கெடக்கும்."

அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இந்த மடல். நம் கரையில் அந்தத் தீவின் பெயர் தெரியாத வீடு குறைவு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, மாதக்கணக்கில் கிடந்து, போட்டையும் பறிகொடுத்துத் திரும்பியவர்கள் உங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பெயர் தெரியும், பயம் தெரியும். அது யாருடைய ஊர் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. உங்கள் குற்றமில்லை. தெரியக் கூடாது என்று ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இடம். சாகோஸ் தீவுக்கூட்டம் என்று பெயர். அறுபது தீவு அளவில் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து நிலம் அறுபது சதுர கிலோமீட்டர்தான். அதில் பெரியது டீகோ கார்சியா. தூத்தூரிலிருந்து நேர்கோடு பிடித்தால் சுமார் 1,800 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரியில் நாம், தெற்கே ஏழு டிகிரியில் அவர்கள். டீகோவின் வடிவத்தை இப்படி மனதில் வாங்கிக்கொள்ளலாம்: நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நம் மாவட்டத்துக் கடற்கரை எழுபது கிலோமீட்டர் இருக்கிறதல்லவா, அதில் பத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கயிறு மாதிரி எடுத்து, குதிரைலாடமாக வளைத்து நடுக்கடலில் போடுங்கள். கயிற்றின் அகலம் பல இடங்களில் சில நூறு மீட்டர்தான். உள்ளே அமைதியான காயல், வெளியே ஆழ்கடல். பெரும்பாலான இடம் கடல்மட்டத்துக்கு மேலே ஆள் உயரம்கூடக் கிடையாது.

இதெல்லாம் தனியாக முளைத்த தீவுகள் இல்லை. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலுக்கடியில் ஒரே மலைத்தொடர். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பவாய் இன்று ரியூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. இந்தியாவைத் தாங்கிய தட்டு அதன்மேல் வடக்கே நகர நகர, பின்னால் வரிசையாக எரிமலைகள் எழுந்து, பிறகு அமுங்கின. அமுங்க அமுங்கப் பவளம் மேலே மேலே கட்டிக்கொண்டு வந்தது. இந்த அமுங்கும் எரிமலைக் கணக்கை 1842-இல் புத்தகமாக எழுதியவர் சார்லஸ் டார்வின். சாகோஸ் படத்தையும் அதில் போட்டார், அந்தக் கடலுக்குப் போகாமலேயே, வேறொரு கப்பல்காரர் அளந்த அளவை வைத்து. நம் அப்பன்மார் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் நிறுத்திக் கணியம் பார்த்து, காணாத பாரை அடையாளம் வைத்தார்களே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. என் அப்பாவுக்குக் கடலடிப் பார்கள் விரல் நுனியில் இருந்தன, ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

அங்கே இருக்கிற பெரும் சாகோஸ் திட்டு உலகத்திலேயே பெரிய பவள வளையத் திட்டு. பன்னிரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் மாவட்டம் போல ஏழு மடங்கு. நீருக்கு மேலே தெரிவது ஓரத்தில் சில துண்டு நிலம் மட்டும். மற்றதெல்லாம் முங்கிக் கிடக்கும் பார். அப்படிப்பட்ட இடத்தில் மீன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

சொல்ல வேண்டியது இன்னொன்று. 2018-இல் அந்தத் தீவுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. கப்பல்களோடு வந்த எலிகள் சில தீவுகளில் பறவைகளைத் தின்று தீர்த்துவிட்டன. சில தீவுகளுக்கு எலி போகவே இல்லை. எலி இல்லாத தீவுகளைச் சுற்றியுள்ள பாரில் மீனின் மொத்த எடை 48 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணம் பறவை எச்சம். பறவை நடுக்கடலில் மேய்ந்து தீவில் எச்சமிட, மழை அதைக் கடலுக்கு இறக்க, பாசி வளர, மீன் கூடுகிறது. இதைப் படித்த அன்று வீட்டில் எலிப்பொறி வைத்தபோது எனக்குள் கொஞ்சம் மரியாதை வந்தது. எலிமேல் அல்ல, கடற்பறவைமேல்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை அங்கே நிரந்தரக் குடி கிடையாது. போர்ச்சுகல்காரர்கள் படத்தில் குறித்து வைத்துவிட்டுப் போனார்கள். 1786-இல் பம்பாயிலிருந்து கும்பினிக்காரர்கள் ஒரு கூட்டத்தை அனுப்பிக் குடியேறப் பார்த்து, சரிப்படாமல் திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் தீவை அளந்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். பின்னால் அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேருக்குத் தன் பெயரை விட்டுவந்த அதே ஆள். ஊன்றியவர்கள் மொரிஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள். மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தென்னை வைத்தார்கள். 1814-இல் எல்லாம் பிரிட்டன் கைக்குப் போயிற்று. 1835-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து கலந்தார்கள். டீகோ, பெரோஸ் பன்யோஸ், சலோமோன் என்று மூன்று இடத்தில் ஊர் பிடித்தது.

தொழில் ஒன்றே ஒன்று: கொப்பரை. இங்கிலீஷ்காரன் அதற்கு வைத்திருக்கும் 'கோப்ரா' என்ற சொல்லே நம் கரைப் பக்கத்திலிருந்து போனது. ஆண்கள் தேங்காய் பொறுக்கி உரிப்பார்கள், பெண்கள் உடைத்துப் பருப்பு எடுப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை நூறு காய் என்று கணக்கு. மொரிஷியஸ் விளக்குகள் இந்தத் தீவுகளின் எண்ணெயில் எரிந்ததால் 'எண்ணெய்த் தீவுகள்' என்றே பெயர் வந்தது. தேங்காப்பட்டணத்தில் போட் கட்டுகிறவர்களுக்கு இது புரியாத உலகம் இல்லை. மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தின்றார்கள். தென்னையில் இறக்கியதைப் புளிக்கவைத்துக் குடித்தார்கள். அதற்கு அவர்கள் கிரியோல் மொழியில் பெயர் 'கலூ'. எந்த ஊர்ச் சொல் என்று தனியாகச் சொல்லவேண்டுமா மக்கா?

சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியின் நிலம், முதலாளியின் கடை, முதலாளியின் கப்பல். ஆனாலும் ஐந்து தலைமுறை ஒரே மணலில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே புதைந்தால் அதற்குப் பெயர் ஊர்தான். பவளத் தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீர்மேல் படலமாக மிதந்து நிற்கும். பார்த்துத் தோண்டினால் நல்ல தண்ணீர், அவசரப்பட்டு இறைத்தால் உவர். அந்த நிதானம் தெரிந்தவர்கள்தான் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் தோட்டம், கோழி, ஒரு நாய். நாயை நினைவில் வையுங்கள்.

எம்டன் கதை சொல்லாமல் போக முடியாது. நம் வீடுகளில் கடுகடுப்பான அப்பாவை 'எம்டன்' என்போம். அந்தப் பெயர் கொண்ட ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, அக்டோபர் 9-ஆம் தேதி டீகோ கார்சியாவில் போய் நிற்கிறது. தீவுக்காரர்களுக்கு யுத்தம் தொடங்கியதே தெரியாது. தபால் கப்பல் வந்து பல நாளாகியிருந்தது. ஜெர்மன்காரர்கள் வாயே திறக்கவில்லை. கரி ஏற்றி, கப்பலின் அடியைச் சுரண்டி, தோட்ட மேலாளரின் ரிப்பேரான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்தார்கள். மேலாளர் பதிலுக்குப் பன்றியும் மீனும் தேங்காயும் அனுப்பி வைத்தார். சென்னையே ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடிய கப்பலுக்கு இப்படி ஒரு விருந்து. உலகத்தின் சண்டை அந்தத் தீவை எட்டாமல் இருந்த கடைசிக் காலம் அது.

1960-களில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலின் நடுவே ராணுவத் தளம் தேவைப்பட்டது. மொரிஷியஸுக்கு விடுதலை கொடுக்கும் முன்பே, 1965 நவம்பர் 8-ஆம் தேதி பிரிட்டன் சாகோஸை மட்டும் வெட்டித் தனியாக எடுத்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று புதுப் பெயர் போட்டது. மொரிஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு. 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். பதிலுக்கு அணு ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி, ரகசியமாக. தளம் கேட்டவர்களுக்கு ஆளில்லாத இடம் வேண்டும். அங்கேயோ ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஆகவே பேனாவை எடுத்தார்கள். ஆபீஸ் குறிப்புகளில் அந்த மக்கள் 'மிதக்கும் மக்கள்தொகை' ஆனார்கள். நிரந்தரக் குடிகள் யாருமில்லை, ஒப்பந்தத்துக்கு வந்து போகிற கூலிகள் மட்டுமே என்று ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொல்வதற்காக. நிரந்தரக் குடி என்று ஒப்புக்கொண்டால் அவர்களின் உரிமைக்கு ஐ.நா.வில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் வருஷத்தில் முக்கால்வாசி மிதக்கிறவர்கள். சொல்லுங்கள், மிதந்தால் ஊர் இல்லாமல் போய்விடுமா?

காலி செய்த விதம் கவனிக்க வேண்டியது. முதலில் துப்பாக்கி எடுக்கவில்லை. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்களுக்கு 1968 முதல் திரும்பிவரக் கப்பலில் இடமில்லை என்றார்கள். ஒலிவியே பாங்கூல் அப்போது நான்கு வயதுப் பையன். சகோதரியின் வைத்தியத்துக்காகப் போன குடும்பம் அங்கேயே மாட்டிக்கொண்டது. பின்னால் அந்த மக்களின் வழக்கை நடத்தியவர் அவர்தான். தீவுகளுக்கு வரும் அரிசியும் மருந்தும் குறைந்தன. 1971-இல் டீகோவைக் காலி செய்தார்கள். அதற்கு முன் நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கணக்கில். குழந்தைகள் வெளியே நின்று கேட்டிருக்கிறார்கள். 1973-இல் பெரோஸ் பன்யோஸும் காலி. 'நோர்ட்வேர்' என்ற சரக்குக் கப்பலில் நெருக்கியடித்துக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கப்பலில் லிஸ்பி எலிசே என்ற இருபது வயதுப் பெண், நான்கு மாதக் கர்ப்பிணி. மொரிஷியஸில் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. 2018-இல் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய சாட்சியைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆகவே எழுதி வாசிக்காமல், தன் கிரியோலில் பேசினார். கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்ட உலகத்து வக்கீல்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி அந்த நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி முறையல்ல, பிரிட்டன் சீக்கிரம் விட்டுப் போகவேண்டும் என்று கருத்துச் சொன்னது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் அந்தக் கருத்தை 116 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் சேர்த்து, எதிர்த்தவை ஆறு. 2025 மே 22-ஆம் தேதி பிரிட்டனும் மொரிஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. இறையாண்மை மொரிஷியஸுக்கு, டீகோவில் தளம் 99 வருடக் குத்தகைக்கு அப்படியே, மற்ற தீவுகளில் மக்கள் குடியேற வழிசெய்யலாம் என்று ஷரத்து. பொதுவாக நல்ல செய்திதான். ஆனால் மேசையில் உட்கார்ந்தவை இரண்டு அரசாங்கங்கள். ஊர்க்காரர்களுக்கு நாற்காலி போடவில்லை. அவர்களிலேயே பலர் இதைச் சொல்லிக் கொதித்தார்கள்.

உங்கள் பிளாட்டரில் இருக்கும் அந்தச் சிவப்புக் கோட்டின் கதையும் இதில் சேர்த்திதான். 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிட்டன் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் சதுர கிலோமீட்டர் கடலை மீன்பிடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதி ஆக்கியது. சுறாவுக்கும் பவளத்துக்கும் நல்லது என்று உலகம் கைதட்டியது. அதே வருஷம் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பில் வேறொன்று இருந்தது: இப்படிச் செய்தால் பழைய குடிகள் திரும்பி வருவது கடினமாகும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பேசியது. மொரிஷியஸின் உரிமையைக் கணக்கில் எடுக்காத அந்த அறிவிப்பு கடல்சட்டத்துக்கு மாறானது என்று 2015-இல் நடுவர் மன்றம் தீர்த்தது. தளத்தில் இருக்கிறவர்கள் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடத் தடை இருந்ததில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வரட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் கோட்டைத் தாண்டலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் அது. ஆயிரங்கால் தூண்டிலோடு உள்ளே போனால் நீங்கள் எடுப்பது வெள்ளைக்காரன் சுறாவை என்று நினைக்கிறீர்கள். இல்லை, அது ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இன்னொரு கடற்கரைக்காரனின் சுறா. அவன் திரும்பிவந்து தன் காயலில் வள்ளம் இறக்கும்போது அங்கே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கடலில் சுறா எப்படிக் குறைந்தது, ஏன் இவ்வளவு தூரம் போக நேர்ந்தது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கிக் கட்டின போட்டைப் பறிகொடுப்பது வேறு கணக்கு. அதை உங்கள் வீட்டுக்காரிகள் சொல்லியிருப்பார்கள்.

'ஆளில்லாத' என்ற சொல் நம் வாயில் ஏன் வரக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 29, 30. ஒக்கிப் புயல். அன்றைக்கு நம் எட்டு ஊரிலிருந்து எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்ற கணக்கு எந்த ஆபீசிலும் இல்லை. பங்குத்தந்தைமாரும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். பட்டியலில் இல்லாதவனைத் தேட யாரும் போகமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காற்றில் தப்பிய நம் போட்டுகள் லட்சத்தீவுக் கரைகளில் போய் ஏறின. அந்தத் தீவுக்காரர்கள் சோறு போட்டார்கள், துணி கொடுத்தார்கள்.

அதே லட்சத்தீவில் பித்ரா என்றொரு தீவு. பத்து ஹெக்டேர்தான் இருக்கும், 2011 கணக்கெடுப்பில் 271 பேர். 2025 ஜூலையில், பாதுகாப்புத் தேவைக்காக முழுத் தீவையும் எடுப்பதற்கான சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். டீகோவும் பித்ராவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். இங்கே சட்டம் இருக்கிறது, எம்.பி. இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. என்றாலும் அந்த 271-ஐ யாராவது 'வெறும் 271' என்று சொல்லும்போது உங்கள் காது கூர்மையாக இருக்கட்டும்.

இனி என் வேண்டுகோள். தீவின் சொந்தக்காரர்கள் டீகோவிலிருந்து துரத்தப்பட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. 2006-இல் நூறு பேர் அளவில் சில நாள் மட்டும் கூட்டிப்போய்க் கல்லறைகளைச் சுத்தம் செய்யவிட்டார்கள். பிறகும் அங்கொன்று இங்கொன்றாகச் சில பயணம். பிலிப்பைன்ஸ்காரர்கள் தளத்தில் கூலிக்கு இருந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் படகு பழுதாகி ஒதுங்கிய 89 ஈழத்தமிழர்களில் பலர் அங்கே மூன்று வருஷம் கூடாரத்தில் அடைபட்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்த அடைப்பே சட்டவிரோதம் என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறகு, பிடிபட்ட நம் ஆட்கள். சொந்த ஊர்க்காரனுக்கு எளிதில் கிடைக்காத காட்சி, குற்றவாளியாக நின்ற நம் பையன்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அப்படி நின்று வந்தவர்கள் தயவுசெய்து என்னிடம் பேசுங்கள். கேஸ், அபராதம், அதெல்லாம் வேண்டாம், பெயரும் வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்ன பார்த்தீர்கள் என்பது மட்டும் போதும். அந்தத் தீவு மக்களுக்கு ஒரு கடிதத்தில் எழுதி அனுப்ப ஆசை. காயல் என்ன நிறத்தில் இருந்தது, ராத்திரி என்ன பறவை கத்தியது, தென்னையெல்லாம் எப்படி நிற்கிறது, விழுகிற காயை யாராவது பொறுக்குகிறார்களா.

அன்புடன்,
கணியம் பார்த்த ஒரு கட்டுமரக்காரரின் மகன்